நிற்கும் கால்

தொழிலாளர் துறை ஆய்வாளர் வந்தால் காட்டுவதற்கென்று அந்த ஜவுளிக்கடையில் ஒரு பதிவேடு உண்டு. அதில் நாற்பத்தொன்றாம் வரிசையில் இப்படி எழுதியிருக்கிறது: ‘முத்துராணி, க/பெ கொம்பையா, வயது 49, விற்பனையாளர், இரண்டாம் தளம், பட்டுப் பிரிவு. பணியின் தன்மை: அமர்ந்து செய்யும் பணி. இருக்கை: வழங்கப்பட்டுள்ளது.’

இதில் பெயர் சரி. வயதில் இரண்டு குறைகிறது. அது வேலைக்குச் சேர்ந்த அன்று அவளே குறைத்தது. தளமும் பிரிவும் சரி. மிச்சமிருக்கும் வரியில்தான் சிக்கல். திருநெல்வேலி டவுணில், ரத வீதியைப் பார்த்து நிற்கும் அந்த மூன்று மாடிக் கடையில், காலை ஒன்பதரை முதல் இரவு ஒன்பது வரை, இருபத்தாறு வருஷமாக முத்துராணி நின்றுகொண்டிருக்கிறாள். சாப்பிடுகிற இருபது நிமிஷத்தை வேண்டுமானால் கழித்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் குறுக்குத்துறைப் படித்துறையில் உட்கார்ந்து ஆற்றுக்குள் காலைத் தொங்கப்போடுவாள். அவளுக்குத் தெரிந்த அமர்ந்து செய்யும் பணி அது ஒன்றுதான்.

இருக்கை வழங்கப்பட்டுள்ளது என்பது முழுப் பொய் இல்லை. கடைகளில் வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று சட்டம் வந்த வருஷம், தளத்துக்கு ஒன்றாக முக்காலிகள் வாங்கினார்கள். நல்ல தேக்கு. இரண்டாம் தளத்து முக்காலியில், இடுப்புக்கு மேல் மட்டும் உள்ள ஒரு பொம்மையை வைத்து, அதற்கு அரக்குநிறப் பட்டுச் சேலையைச் சுற்றிவிட்டார்கள். சட்டத்தின் பயன் அந்தப் பொம்மைக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தத் தளத்தில் கால் இல்லாத ஆள் அது ஒன்றுதான்.

கால் உள்ளவர்கள் வேறு வழி கண்டுபிடித்திருந்தார்கள். முதுகுக்குப் பின்னால் இருக்கும் அலமாரியின் அடிப்பலகையில் ஒரு காலைத் தூக்கி ஊன்றிக்கொண்டு மறுகாலில் நிற்பது. மேசைக்கு இந்தப் பக்கம் நின்று சேலை பார்ப்பவர்களுக்கு எதுவும் தெரியாது. நாளாவட்டத்தில் ஆளுக்கொரு நிற்கும் கால் என்று அமைந்துவிடும். முத்துராணிக்கு வலது. புதிதாக வேலைக்கு வருகிறவளிடம் எந்த ஊர் என்று கேட்பதற்கு முன்னால், “ஒனக்கு எதுட்டி நிக்கிற காலு?” என்றுதான் கேட்பார்கள். கீழ்த்தளத்து வேட்டிப் பிரிவு ஆண்கள் இரண்டாம் தளத்துக்குக் கொக்குமடை என்று பெயர் வைத்திருந்தார்கள். நிற்கும் கால் மற்றக் காலைவிடக் கூடுதலாக வீங்கும் என்பது கொக்குமடையின் பாடம். அதை யாரும் எழுதி வைக்கவில்லை. யாரும் சந்தேகப்படவும் இல்லை.

மதியம் மூன்று மணிக்குக் கூட்டம் ஓயும். அப்போது ரவிக்கைத் துணி அலமாரிக்குப் பின்னால் குழி பார்க்கும் விளையாட்டு நடக்கும். சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். முத்துராணி குத்தவைத்து, கணுக்காலுக்கு மேலே எலும்பின்மீது கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுப்பாள். குழி விழும். அது நிரம்புகிறவரை மற்றவர்கள் எண்ணுவார்கள். யாருடைய குழி அதிக நேரம் நிற்கிறதோ அவளுக்கு அன்று மற்றவர்கள் செலவில் சுக்குக் காப்பி.

“பன்னெண்டு… பதிமூணு… ஏ யம்மா, இன்னும் ரொம்பல!”

“இவ காலுல ஒரு கொடம் தண்ணி ஊத்தலாம் போலருக்கேட்டி.”

“இனி குத்தாலத்துக்கு எதுக்குப் போவணும்? சீசனுக்குத் தனலட்சுமி காலுல குளிச்சிட்டு வந்துரலாம்.”

ரவிக்கைத் துணிப் பிரிவுத் தனலட்சுமி, “போங்கட்டி சவங்களா” என்று சேலையை இறக்கிவிடுவாள். பதினேழு வரை எண்ணவைத்த பெருமை முத்துராணிக்குத்தான். ஒன்பது வருஷமாக யாரும் அதை முறியடிக்கவில்லை. அதனாலும், கால்களைப் பற்றி அவள் சொல்வதற்கு அங்கே மறுபேச்சு கிடையாது.

சும்மா வந்த மதிப்பு இல்லை அது. கால் வீக்கத்தைப் பற்றி முத்துராணிக்கு உண்மையிலேயே நிறையத் தெரியும். படித்துத் தெரிந்துகொண்டதல்ல, வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் ஆட்களைக் கொடுத்து வாங்கியது.

முதலில் அவள் கணவர் கொம்பையா. நயினார்குளம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். சில மாதமாகக் காலையில் கண்ணிமை ஊதிப்போய் எழுந்தார். சாயங்காலம் செருப்புக்குள் கால் நுழையவில்லை. “ஒறக்கம் கூடிப்போச்சு ஒங்களுக்கு. மொகத்தப் பாருங்க, பணியாரம் மாரி” என்று முத்துராணி கேலி செய்தாள். சிறுநீர் நுரைத்துக்கொண்டு போனதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய விஷயமா அது? பத்து வருஷச் சர்க்கரை இரண்டு சிறுநீரகத்தையும் தின்று முடித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இரண்டு வருஷம் ரத்தத்தைச் சுத்தம் செய்து செய்து உயிரோடு வைத்திருந்தார்கள். காலோடு முகமும் வீங்கினால் கிட்னியைப் பார்க்கவேண்டும் என்பது முத்துராணிக்கு ஒரு புருஷன் விலையில் கிடைத்த பாடம்.

அடுத்தது அவளுடைய அண்ணன் பாபநாசம். இரண்டு காலும் தூண்போல வீங்கி, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினார். வீட்டுக்கு நல்ல காவல் என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். இதயம் பலவீனப்பட்டுத் தண்ணீர் தேங்குகிறது என்று மருத்துவர் சொன்னார். இவர் பிழைத்துக்கொண்டார். நீர் மாத்திரையை விழுங்கிக்கொண்டு, உப்பைக் குறைத்துக்கொண்டு, கருவாட்டை நினைத்துக் கண்ணீர் விட்டுக்கொண்டு இன்னும் இருக்கிறார்.

மூன்றாவது, பக்கத்து வீட்டு வடிவம்மாள். ரத்தக்கொதிப்புக்குப் புது மாத்திரை தொடங்கிய மாதம் பாதம் வீங்கியது. மாத்திரையால்தான் வீங்குகிறது என்று அவளே கண்டுபிடித்தாள். அது சரியாகவும் இருந்தது. ஆகவே யாரிடமும் கேட்காமல் மாத்திரையை நிறுத்தினாள். வீக்கம் வடிந்தது. நாற்பதாம் நாள் வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. வலது கை தூக்க வரவில்லை. “வந்து சொல்லியிருந்தா வேற மாத்திரை தந்திருப்போமே” என்றார்கள் ஆஸ்பத்திரியில். சரியாகக் கண்டுபிடித்ததற்கு இப்படியும் ஒரு பலன் உண்டு.

இதெல்லாம் சேர்ந்து முத்துராணியிடம் மூன்று கேள்விகளாகத் தங்கியிருந்தன. யார் வீங்கிய காலைக் காட்டினாலும் அந்த மூன்றையும் கேட்பாள். மொகம் வீங்குதா? படுத்தா மூச்சு முட்டுதா? புதுசா என்ன மாத்திர போடுத? ஏதாவது ஒன்றுக்கு ஆமாம் என்று பதில் வந்தால் விடமாட்டாள். கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போவாள். கடையில் இரண்டு பேர் அப்படித்தான் நேரத்தோடு போய்ச் சேர்ந்தார்கள். மூன்றுக்கும் இல்லை என்றால் அவள் தீர்ப்பு ஒரே சொல்: கடைக்கால். அதற்கு வைத்தியமும் அவள் பைக்குள்ளேயே இருந்தது. நல்லெண்ணெயில் கற்பூரம் கரைத்த சின்னப் புட்டி. அவள் தேய்த்துவிட்டால் கால் காற்றாகிவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள்.

கேட்கவேண்டிய நான்காவது கேள்வி ஒன்று இருந்தது. அதற்கு அவள் இன்னும் ஆள் கொடுத்திருக்கவில்லை.

தங்கத்தாய், முத்துராணிக்கு அடுத்த மேசை. சுடிதார் பிரிவு. முப்பத்தாறு வயது, இரண்டு பெண் பிள்ளைகள். குழி பார்ப்பதில் ஒருநாளும் ஜெயித்ததில்லை. “ஒனக்கென்னட்டி, கொத்தவரங்காக் காலு” என்று வரிசையிலேயே நிற்க விடமாட்டார்கள். அந்த வருஷம் புரட்டாசியில், நிற்காத உதிரப்போக்குக்காக அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். ஆறு வாரம் ஓய்வு என்று எழுதிக் கொடுத்தார்கள். பத்தொன்பதாம் நாள் அவள் வேலைக்கு வந்துவிட்டாள். தீபாவளிப் பருவத்தில் வராதவர்களைக் கடை அடுத்த பருவத்தில் கூப்பிடுவதில்லை. இது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஆனால் இதை மட்டும் எல்லோரும் கடைப்பிடித்தார்கள்.

அவள் கணவன் இசக்கிமுருகன் சுமை ஆட்டோ ஓட்டுபவன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மனுக்கு வேஷம் கட்டுவதாக நேர்ந்திருந்தான். ஆபரேஷன் நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆகவே மாலை போட்டு, விரதமிருந்து, ராஜா வேஷம் கட்டி, பேட்டையிலிருந்து கிளம்பிய தசரா செட்டோடு ஊர் ஊராகக் காணிக்கை வாங்கப் போயிருந்தான். மனைவிக்காகப் போனதால் மனைவியோடு இல்லை.

அது ஒரு புதன்கிழமை. மூன்று மணி.

“யக்கா, இந்தக் காலு ரெண்டு மூணு நாளா ஒரு மாரி கனக்கு” என்றாள் தங்கத்தாய். “கெண்டச்சதையில ஆரோ கயித்தப் போட்டு முறுக்குத மாரி வலிக்கு.”

முத்துராணி குனிந்து பார்த்தாள். இடது கால் முழங்கால்வரை பளபளவென்று இருந்தது. வலது எப்போதும்போலக் கொத்தவரங்காய். மூன்று கேள்விகளையும் கேட்டாள். முகம் வீங்கவில்லை. படுத்தால் மூச்சு முட்டவில்லை. ஆபரேஷன் மாத்திரைகள் போன வாரமே முடிந்துவிட்டன.

தொட்டுப் பார்த்து, “சுடுதேட்டி” என்றாள். பிறகு, “ஒனக்கு எது நிக்கிற காலு?”

“எடதுதான்.”

“பொறவென்ன? பத்தொம்பது நாளு கட்டில்ல கெடந்துட்டு வந்து திடீர்னு நிக்கச் சொன்னா அது என்ன செய்யும், பாவம்? மறந்துபோயிருக்கும்லா.”

கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். தங்கத்தாய் வலியில் பல்லைக் கடித்தாள். சதை முறுக்கேறிக் கல்போல இருந்தது, குழியே விழவில்லை.

“முட்ட!” என்றாள் தனலட்சுமி. “ஒண்ணுகூட இல்ல. ஏட்டி, இதுக்குப் போயி இம்புட்டு வேசமா?”

எல்லோரும் சிரித்தார்கள். தங்கத்தாயும் சிரித்தாள். விளையாட்டின் சட்டப்படி குழி விழாத காலுக்கு ஒன்றுமில்லை.

“இல்லக்கா, மனசு ஒரு மாரி இருக்கு. கண்ணன்கிட்ட ரெண்டு மணி நேரம் கேட்டுட்டு ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போயிக் காட்டிட்டு வந்துரட்டா?” கண்ணன் என்பது அந்தத் தளத்து மேற்பார்வையாளர்.

“கோட்டி புடிச்சிருக்கா ஒனக்கு? அங்க போனாலும் வரிசையில நிக்கத்தான செய்யணும்? இங்க நிக்கிறத அங்க போயி நிக்கப் போறியாக்கும்? தீவாளி கழியட்டும், நானே கூட்டிட்டுப் போறேன். இன்னா, இங்கன காட்டு.”

புட்டியைத் திறந்தாள். கீழேயிருந்து மேலாக, உள்ளங்கையை அழுத்தித் தேய்த்தாள்.

“பைய, பையக்கா…”

“வலிச்சாத்தான் நீரு வடியும். வீட்டுக்காரர்ட்டச் சொன்னியா?”

“சொல்லல. மால போட்டிருக்க ஆளு. கால் வலிக்குன்னு சொன்னா வேசத்தக் கழட்டிப் போட்டுட்டு ஓடியாந்துருவாவ. நேத்திக்கடன் கெட்டுப்போவும். ஒங்ககிட்டச் சொல்லிட்டம்லா, அது போதும்.”

வியாழக்கிழமையும் முத்துராணி தேய்த்துவிட்டாள். அன்று தங்கத்தாய், வலி கொஞ்சம் குறைந்ததுபோல் இருக்கிறது என்றாள். அது உண்மையா, தேய்த்துவிட்டவளின் மனம் நோகக்கூடாது என்று சொன்னதா என்று பின்னால் எத்தனையோ முறை யோசித்தும் முத்துராணிக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு, கீழே போய் ஒரு கட்டுத் துணியை எடுத்துக்கொண்டு தங்கத்தாய் படியேறினாள். லிஃப்ட் வாடிக்கையாளர்களுக்கு மட்டும். இரண்டாவது திருப்பத்தில் துணியை இறக்கி வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“யாரது, யாவார நேரத்துல படியில உக்காந்துருக்கது?” என்று மேலேயிருந்து கண்ணன் குரல் கொடுத்தார்.

முத்துராணி எட்டிப் பார்த்துவிட்டு இறங்கி ஓடினாள். தங்கத்தாயின் உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது. மார்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“மூச்சு எடுக்க முடியலக்கா.”

ஆட்டோவில் ஏற்றினார்கள். ஆற்றுப்பாலத்துக்கு முன்னால் ஒரு தசரா செட்டு மேளத்தோடு சாலையை அடைத்துக்கொண்டு வந்தது. காளி வேஷம் போட்ட ஒருவர் ஆட்டோவுக்குள் தட்டை நீட்டினார். “அம்மா தாயே, வழி விடும்மா, உசுரு கெடக்கு உள்ள!” என்று ஓட்டுநர் கத்தினார். காளி உள்ளே எட்டிப் பார்த்தார். அடுத்த நிமிஷம் தட்டைக் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டு, சூலத்தைக் குறுக்கே நீட்டி, பேருந்துகளையும் பைக்குகளையும் அதட்டி ஒதுக்கி, பாலம் முடிகிறவரை ஆட்டோவுக்கு முன்னால் ஓடினார். அன்று தங்கத்தாய்க்கு நேரத்தோடு கிடைத்த உதவி அது ஒன்றுதான். பாலத்தின் மேல் அவள் முத்துராணியின் மடியில் தலை வைத்தபடி, “சின்னவளுக்கு எரிச்ச கொழம்பு வச்சிருக்கேன், மூடல” என்றாள். ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்றுகூட முத்துராணி பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் முடிந்ததையெல்லாம் செய்தார்கள். இரண்டரை மணிக்கு முடிந்துவிட்டது.

பணியிலிருந்த மருத்துவர் முஃபீதா சின்ன வயசு. முத்துராணியைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவள் நின்றாள்.

“கால் எத்தன நாளா வீங்கியிருந்துச்சு?”

“அஞ்சு நாளு இருக்கும்மா.”

“ஒரு காலு மட்டுமா?”

“அது அவளுக்கு நிக்கிற காலும்மா.”

மருத்துவருக்குப் புரியவில்லை. முத்துராணி சொல்லி விளக்கினாள்: அலமாரி, அடிப்பலகை, கொக்கு. மருத்துவர் முழுவதையும் கேட்டார்.

“நின்னா ரெண்டு காலும் வீங்கும்மா, சாயங்காலம் வீங்கி, காலையில வடியும். திடீர்னு ஒரு காலு மட்டும் வீங்கி, வலியும் சூடும் இருந்தா அது வேற. ஆபரேஷன் ஆகி, நாள்கணக்கா படுத்துக் கெடந்தவங்களுக்குக் காலுக்குள்ள ஆழத்துல ஓடுற ரத்தக்குழாய்ல ரத்தம் கட்டிக்கிடலாம். அது பிச்சிக்கிட்டு நுரையீரலுக்குப் போயி அடைச்சிருச்சு. அப்படி வீங்குனா அன்னைக்கே வரணும். நாளைக்குன்னு வைக்கக்கூடாது. மூச்சு முட்டிச்சு, நெஞ்சு வலிச்சுச்சுன்னா அந்த நிமிஷமே வரணும்.”

“வந்திருந்தா?”

“ரத்தம் கட்டாம இருக்க மருந்து கொடுத்திருப்போம். நெறையப் பேரு பொழைச்சிருக்காங்க.”

முத்துராணி, யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றிக் கேட்பதுபோல், “எண்ணெ போட்டுத் தேய்ச்சிருந்தா?” என்றாள்.

“தேய்க்கவே கூடாது. கட்டி நகந்துரும். ஆனா தேய்ச்சதாலதான் போனாங்கன்னும் சொல்ல முடியாது. தேய்க்காமலே போனவங்களும் உண்டு.” மருத்துவர் நிமிர்ந்து பார்த்தார். “ஏன், யாராவது தேய்ச்சாங்களா?”

“தெரியலம்மா” என்றாள் முத்துராணி.

கடைப் பதிவேட்டில் உள்ள பொய்யைவிட இது சின்னது. ஒரே சொல்.

மருத்துவர் அவளுடைய பாதங்களைப் பார்த்துவிட்டு, “ஒங்களுக்கு இது எத்தன வருஷமா?” என்று கேட்டார். கடைக்கால் என்றாள் முத்துராணி. அதைப் பார்த்துவிட்டுத்தான் சொல்லவேண்டும், செவ்வாய்க்கிழமை வாருங்கள் என்றார் அவர். நான்கு மணிக்கு இசக்கிமுருகன் வந்து சேர்ந்தான். அட்டைக் கிரீடத்தை வழியில் எங்கோ எறிந்திருந்தான்; ஜிகினா வைத்த அங்கியைக் கழற்ற நேரமில்லை. அழுது அழுது முகத்து ரோஸ் பவுடர் கழுத்துவரை வழிந்திருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் ஒரு ராஜா தரையில் புரண்டு அழுததைப் பார்த்து முதலில் சிரித்தவர்கள், விஷயம் தெரிந்ததும் நகர்ந்துபோனார்கள்.

செவ்வாய்க்கிழமை முத்துராணி போனாள். ரத்தம், சிறுநீர், இதயம் எல்லாம் பார்த்தார்கள். அவளுக்கு நிஜமாகவே கடைக்கால்தான்: நின்று நின்று நரம்பு சுருண்டுபோயிருந்தது. இறுக்கமான காலுறை போடவேண்டும், இடையிடையே நடக்கவேண்டும், காலை உயர்த்தி வைக்கவேண்டும், தோல் கறுத்துப் புண்ணானால் காத்திருக்காமல் வரவேண்டும் என்று சொல்லி, உட்கார்ந்து செய்கிற வேலை தரும்படி ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார்கள். அவள் அதைக் கண்ணனிடம் கொடுத்தாள். அவர் பதிவேட்டைப் புரட்டி நாற்பத்தொன்றாம் வரிசையைக் காட்டினார்.

“அதான் ஏற்கெனவே கொடுத்திருக்கோமேக்கா.”

கடையில் இரண்டு விதமாகப் பேச்சு ஓடியது. யாராவது வந்து கேட்டால், இங்கே உட்கார்ந்துதான் வேலை, தங்கத்தாய் உடம்புக்கு முடியவில்லை என்று யாரிடமும் சொல்லவில்லை என்று சொல்லும்படி கண்ணன் ஒவ்வொருத்தியிடமும் தனித்தனியாகச் சொல்லி வைத்தார். ரவிக்கைத் துணி அலமாரிக்குப் பின்னால், நிற்கவைத்தே கொன்றுவிட்டான்கள் என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். இரண்டில் எதை ஒப்புக்கொண்டாலும் முத்துராணிக்கு நல்லதுதான். இரண்டிலும் எண்ணெய்ப் புட்டி இல்லை. மூன்று மணிக்குக் கூட்டம் ஓயும்போது இப்போது யாரும் சேலையைத் தூக்கிப் பிடிப்பதில்லை. வேண்டாம் என்று யாரும் சொல்லவும் இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், தீபாவளிக் கூட்டத்தின் நடுவே, மொட்டைத் தலையோடு இசக்கிமுருகன் கடைக்கு வந்தான். மனைவியின் சாமான்களை வாங்கிப் போக. கண்ணன் அவனை லிஃப்டில் ஏற்றி அழைத்து வந்தார். ஊழியர் வீட்டு ஆள் ஒருவர் அதில் ஏறியது அதுதான் முதல் தடவை. இரண்டடுக்குச் சாப்பாட்டுப் பாத்திரம், ஒரு சீப்பு, வார் அறுந்த இடத்தில் ஊக்குக் குத்திய செருப்பு, அடையாள அட்டை. தனலட்சுமி எல்லாவற்றையும் ஒரு கடைப் பையில் போட்டுக் கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்டு போகாமல் நின்றான்.

“ஒண்ணு கேக்கணும்க்கா” என்றான், பொதுவாக எல்லோரையும் பார்த்து. “மூத்தவ எங்கூடப் பேச மாட்டேங்கா. நீ வேசம் கட்டப் போயிட்ட, அம்ம பின்ன ஆர்ட்டச் சொல்லுவான்னு கேக்கா. எங்க அம்மையும் அதத்தான் சொல்லுதா. தெனமும் போன்ல பேசினேங்க்கா. சாப்ட்டியான்னு அவதான் என்னையக் கேட்டா. கால் வலிக்குன்னு ஒரு வார்த்த சொல்லல.” பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். “இங்கன உள்ள ஆர்ட்டயுமே சொல்லலியா? அம்புட்டையும் மனசுக்குள்ளயே வச்சுக்கிட்டா செத்தா?”

ஒரு வாடிக்கையாளர், “மாம்பழ மஞ்சள் இருக்கா?” என்று கேட்டார்.

“ஆர்ட்டயும் சொல்லல அண்ணாச்சி” என்றார் கண்ணன். “சொல்லியிருந்தா விடுவமா? இங்க எல்லாருக்கும் உக்காந்து செய்யுத வேலதான். முத்துராணியக்காட்ட வேணா கேளுங்க.” சொல்லிக்கொண்டே பொம்மையை இரண்டு கையாலும் தூக்கித் தரையில் வைத்துவிட்டு, முக்காலியைத் துடைத்து, அவள் பக்கம் தள்ளினார். “உக்காருங்கக்கா. ஒங்களுக்கும் காலு வீங்கியிருக்குல்லா.”

இசக்கிமுருகன் அவளைப் பார்த்தான்.

தலையை ஆட்டினால் போதும், பேசக்கூட வேண்டியதில்லை. கடைக்கும் அதுதான் வசதி, அவளுக்கும் அதுதான் வசதி. அந்தப் பையோடு சேர்த்து மிச்சத்தையும் அவன் சுமந்துகொண்டு, பேசாத மகள் இருக்கும் வீட்டுக்குப் போய்விடுவான்.

முத்துராணி உட்காரவில்லை. நின்றபடியே, “எங்கிட்டச் சொன்னா. ஆஸ்பத்திரிக்குப் போறேன்னா. நான்தான் போவாண்டாம்னு சொன்னேன். ரெண்டு நாளு எண்ணெ போட்டுத் தேய்ச்சும் விட்டேன்” என்று இசக்கிமுருகனிடம் சொன்னாள். பிறகு கடையிலிருந்து இறங்கி, பேட்டைக்குப் போகும் டவுண் பஸ்ஸில் அவனோடு ஏறி, அவர்கள் வீட்டுக்குப் போய், மூத்த மகளிடமும் அதையே சொன்னாள்.